சூடு நிற்கும் இடம்

அவர் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்கள் ரைஸ் மில்லில் எல்லாருக்கும் அவர் கப்பல்காரர்தான். தரங்கம்பாடிக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவர். அண்ணன் தம்பிகள் எல்லாம் கட்டுமரம் ஏற, இவர் மட்டும் பினாங்குக்குப் போகிற கப்பலில் ஏறி, இன்ஜின் அறையில் பதினேழு வருஷம் நீராவியோடு குடித்தனம் நடத்திவிட்டுக் கரைக்குத் திரும்பினார். அதற்கப்புறம் மாயவரத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் எந்த மில்லில் பாய்லர் மக்கர் பண்ணினாலும் சைக்கிளில் வந்து நிற்பவர் அவராகத்தான் இருந்தார்.

குள்ளமான மனிதர். காக்கிச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி. ஹேண்டில் பாரில் ஒரு பட்டாளத்துப் பை தொங்கும். அதில் ஸ்பானர்களோடு, வேண்டியவர்களுக்குக் கொடுப்பதற்கென்று வாழைச்சருகில் கட்டிய கருவாடும் இருக்கும். மில் வாசலில் அவர் சைக்கிளை நிறுத்துவதற்குள் நாலைந்து பூனைகள் கூடிவிடும். அவர் வந்திருப்பதை வீட்டுக்குள் இருந்தபடியே நாங்கள் அந்தப் பூனைச் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்வோம்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதையும் தொட்டுப் பார்க்காமல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

நான் மருமகளாக வந்த முதல் மார்கழியிலேயே அதைப் பார்த்தேன். என் மாமனார் ஒரு கல்யாணத்துக்கு ஊட்டிக்குப் போனவர், தங்கியிருந்த பங்களாவில் சுவர்க் குழாயைத் திருகியதும் வெந்நீர் கொட்டியதில் சொக்கிப்போய்த் திரும்பி வந்திருந்தார். நம் வீட்டிலும் அது வந்தாக வேண்டும் என்று பிடிவாதம். மில் எங்கள் கொல்லைக்கு அடுத்தாற்போல் இருந்தது. நெல் அவிக்க அங்கே உமி போட்டு எரிக்கிற பாய்லர் உண்டு. அதிலிருந்து மாமா ஒரு நீராவிக் குழாயைக் கொல்லை வழியாக இழுத்து வந்து, குளியலறை மாடியில் வைத்த தண்ணீர்த் தொட்டிக்குள் சுருள் சுருளாகச் சுற்றவிட்டார். நீராவி உள்ளே ஓட ஓடத் தொட்டித் தண்ணீர் காயும். கீழே குழாயைத் திறந்தால் வெந்நீர். தாசில்தார் வந்தாலும் சரி, சம்பந்தி வந்தாலும் சரி, மாமா முதலில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது அந்தக் குளியலறையைத்தான்.

ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதம் ஜோராக வந்த வெந்நீர், மார்கழி பிறந்த நாலாம் நாள் நின்றுபோனது. விடியற்காலையில் குளித்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்ப இருந்த அத்தை, பச்சைத் தண்ணீர் தலையில் விழுந்ததும் போட்ட சத்தத்தில் நான் அடுப்பங்கரையில் பாலைக் கொட்டிவிட்டேன். அன்று முழுக்க ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். போன வாரம் வந்த ஒன்றுவிட்ட நாத்தனாரின் கண் பட்டுவிட்டது என்றார் அத்தை. குழாய் முழுக்கத் துரு அடைத்திருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். டவுனிலிருந்து வந்த குழாய் ரிப்பேர்க்காரர் கொல்லையைத் தோண்டி மொத்தக் குழாயையும் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கயிறு போட்டு அளக்க ஆரம்பித்தார்.

மறுநாள் பூனைகள் கத்தின. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கப்பல்காரர் பாய்லர் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டை நோக்கி மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தார். புறங்கையைக் குழாய்க்கு ஒரு விரல்கடை தள்ளி வைத்து, அப்புறம் சட்டென்று தொட்டு எடுப்பார். இரண்டடி நடப்பார். மறுபடியும் தொடுவார். ஜுரம் அடிக்கிற குழந்தையைத் தூக்கம் கலையாமல் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது எனக்கு. மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் குழாயின் நடுவே பித்தளையில் ஒரு உருண்டை மாட்டியிருந்தது. அதன் இந்தப் பக்கம் தொட்டார். அந்தப் பக்கம் தொட்டார். கையை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"இது வரைக்கும் சூடு வருதுங்க. இதுக்கு அப்பால போகல" என்றார்.

அவ்வளவுதான் அவர் கண்டுபிடிப்பு. அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஆன நேரத்தில் எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் காப்பி ஆறியிருக்காது. அந்தப் பித்தளை உருண்டை ஒருவழிக் கதவு மாதிரி. நீராவியை வீட்டுப் பக்கம் போக விடும், தண்ணீர் திரும்பி பாய்லருக்குள் போகாமல் தடுக்கும். அதைக் கழற்றி, உள்ளே சின்னக் கதவு திறக்க முடியாமல் சிக்கிக்கொண்டிருந்த துருச்சில் ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்தார். சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போய் அத்தையிடம் நீட்டினார்.

"இதாங்க அந்தக் கண்ணு."

அத்தை அதை உண்மையிலேயே வாங்கி, மூன்று முறை சுற்றி, அடுப்பில் போட்டார். அப்புறம் அவருக்கு இரண்டு தோசை கூடுதலாக வார்க்கச் சொன்னார்.

கிளம்புவதற்கு முன் அவர் இன்னொரு காரியமும் செய்தார். பாய்லரிலிருந்து நெல் அவிக்கும் தொட்டிகளுக்குப் போகிற பெரிய குழாயில் ஒரு கனத்த வால்வு இருந்தது. சக்கரத்தைத் திருகித் திறந்து மூடுகிற வால்வு. யாரும் கேட்காமலே அதைப் பிடித்து இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டிப் பார்த்தார். மாமா அன்று தஞ்சாவூரில் மிராசுதார்கள் கூட்டத்துக்குப் போயிருந்தார். என் வீட்டுக்காரரும் கூடப் போயிருந்தார். வேறு வழியில்லாமல் காப்பி டம்ளரோடு நின்ற என்னிடம் சொன்னார். உள்ளே மரை தேய்ந்திருக்கிறது, சக்கரம் கொஞ்சம் சும்மா சுற்றுகிறது, அறுவடை நெல் வருவதற்கு முன்னால் மாற்றிவிடுவது நல்லது என்று. அன்று சாயங்காலமே மாமாவிடம் சொன்னேன். அறுப்பு முடியட்டும் பார்க்கலாம் என்றார். வந்து ஆறு மாதமே ஆன மருமகள். அதற்கு மேல் நான் என்ன பேசுவது?

கப்பல்காரரின் பழக்கத்தைச் சொல்லி அவர் சம்சாரம் சிரிப்பதுண்டு. அந்த அம்மாள் கூடையில் மீன் கொண்டுவந்து எங்கள் ஊர்ச் சந்தையில் விற்பவர். மற்ற ஆம்பளைகள் குழம்பு கொதிக்கும்போதே மணத்தை வைத்து உப்பு போதும் போதாது என்று சொல்லிவிடுவார்கள், இந்த மனுஷன் உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டார் என்பார். அது தேர்தல் முடிந்து புது ஆட்சி வந்திருந்த சமயம். எங்கள் வீட்டில் மாமா கதர், என் வீட்டுக்காரர் கறுப்பு சிவப்புக் கரைத்துண்டு. சாப்பாட்டுப் பந்தியிலேயே இரண்டு கட்சியும் மோதும். இடைத்தேர்தல் ஒன்று வந்தபோது, பத்து ஊர் சுற்றுகிறவராயிற்றே என்று இரண்டு பேரும் கப்பல்காரரைப் பிடித்து யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டார்கள். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, தம் குப்பத்தில் நூற்றுப்பத்து ஓட்டு இருக்கிறது, அது எப்படிப் போகும் என்று வேண்டுமானால் சொல்கிறேன், மற்றது தெரியாது என்றார். இரண்டு கட்சிக்கும் அவர்மேல் கோபம்.

பின்னாளில் என் மூத்த பையனுக்கு ஜுரம் கண்டபோது நெற்றியில் புறங்கையை வைத்து, "நூத்தி ஒண்ணு இருக்கும், பயப்படாதீங்கம்மா" என்றார். தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். நூற்றி ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. தெர்மாமீட்டரை உதறிவிட்டு இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். சரியாக நூற்றி ஒன்று.

நான் சொல்ல வந்தது அந்த முதல் வருஷத்துத் தை மாதம் நடந்தது.

சம்பா விளைந்து தலைசாய்ந்து நின்றது. அறுப்புக் கூலியில் கலத்துக்கு அரைப்படி நெல் கூடக் கொடுக்க வேண்டும் என்று விவசாயக் கூலிகள் கேட்டார்கள். மிராசுதார்கள் முடியாது என்றார்கள். வெளியூர் ஆட்களை லாரியில் ஏற்றி வந்து அறுக்கவிட்டார்கள். செங்கொடி பிடித்து நம்மூர் ஆட்கள் வரப்பில் மறித்து நின்றார்கள். பள்ளிக்கூடத்தில் போலீஸ் வந்து தங்கிவிட்டதால் பிள்ளைகளுக்கு லீவு. வாய்க்காலுக்கு இந்தக் கரையில் இருப்பவர்கள் அந்தக் கரைக்குப் போய்ப் பேசுவது நின்றுபோயிற்று. அடுத்த ஊரில் ஒரு வைக்கோல்போர் எரிந்ததாகச் செய்தி வந்தது. யார் வைத்த நெருப்பு என்று தெரியாமலே நாலு பேரைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

மில் மட்டும் ஓடியது. மூன்று தொட்டியிலும் நெல் ஊறிக்கொண்டிருந்தது. அதில் எங்கள் பண்ணை நெல் பாதி. மீதியில் குத்தகைக்காரர்கள் நெல்லும், அறுத்த வரைக்கும் கூலியாகக் கிடைத்ததைத் தெருவே சேர்ந்து அவிக்கக் கொண்டுவந்திருந்த கூலியாட்கள் நெல்லும் இருந்தது. ஊறின நெல்லை நேரத்துக்கு அவிக்காவிட்டால் புளித்து நாறிவிடும். அப்புறம் அந்த அரிசியை மாடுகூடத் தின்னாது.

அன்று காலையில் பாய்லருக்கு உமி போடுகிற மாரிமுத்து சக்கரத்தைத் திருகினான். நீராவி தொட்டிக்குப் போகவில்லை. இன்னும் திருகினான். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, நீராவி வரவில்லை. பாய்லரில் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அவன் உடனே எரிகிற உமியை வெளியே இழுத்துக் கொட்டித் தண்ணீர் ஊற்றி அணைத்தான். முழங்கை வரைக்கும் கொப்புளம்.

மாரிமுத்து சங்கத்து ஆள். அவன் அண்ணன்தான் வரப்பில் கொடி பிடித்து நின்றவர்களில் முதல் ஆள். மாமாவுக்கு அது போதுமாக இருந்தது. வேண்டுமென்றே வால்வை உடைத்துவிட்டான் என்றார். பள்ளிக்கூடத்திலிருந்து போலீஸ் வந்து அவனை ஜீப்பில் ஏற்றிப் போனது. அவன் பெண்டாட்டி ஜீப்புக்குப் பின்னால் ஓடியதை நான் பார்த்தேன். வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் ஆட்கள் கூட ஆரம்பித்தார்கள்.

என் வீட்டுக்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போய்க் கப்பல்காரரைப் பின்னால் உட்கார வைத்து அழைத்து வந்தார். அவர் இறங்கியதும் மாமா அவரைக் கொல்லைப் பக்கம் தனியாகக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்ததை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

"இன்ஸ்பெக்டர் ஆபீஸ் ரூம்ல இருக்காரு. ஆள் கை வச்சு உடைச்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுய்யா" என்றார் மாமா.

"தொட்டுப் பாத்துட்டுச் சொல்றேங்க முதலாளி."

"பாக்குறதுக்கு என்ன இருக்கு?"

கப்பல்காரர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

பாய்லர் இன்னும் ஆறவில்லை. வழக்கம்போலப் புறங்கையால் தொட்டுக்கொண்டே போனார். வால்வு வரைக்கும் சூடு. அதைத் தாண்டிக் குழாய் சில்லென்று கிடந்தது. பாய்லரில் மிச்சமிருந்த நீராவியை வெளியேற்றிவிட்டு, நட்டுகளைக் கழற்றி, வால்வின் வயிற்றைத் திறந்தார். சக்கரத்தோடு சேர்ந்த தண்டு தனியாகக் கையோடு வந்தது. வழியைத் திறந்து மூடுகிற தட்டு உள்ளே கீழே விழுந்து, போகிற பாதையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரண்டையும் ஒரு சாக்கில் வைத்து எடுத்துக்கொண்டு போய் இன்ஸ்பெக்டர் முன்னால் மேஜையில் வைத்தார். வாசலில் குத்தகைக்காரர்கள் பத்துப் பேர் நின்றார்கள். நான் வீட்டுப் பக்கம் திறக்கும் உள்கதவுக்குப் பின்னால் நின்றேன்.

அவர் எதுவும் விளக்கவில்லை. விரலை வைத்துத் தடவிப் பாருங்கள் என்று மட்டும் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். இன்ஸ்பெக்டர் தட்டின் மரையைத் தடவினார். தண்டின் நுனியையும் தடவினார். உடைத்திருந்தால் அங்கே பிசிறு குத்தும், புது உலோகம் பளபளவென்று தெரியும். இது பல வருஷம் காலில் கிடந்த மெட்டிபோல வழுவழுவென்று இருந்தது.

"தேய்ஞ்சு போயிருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "இது முன்னாடியே தெரியாதா?"

"தெரியுங்க. போன மாசம் ஆட்டிப் பாத்தேன். சொன்னேன்."

"யார்கிட்ட?"

கப்பல்காரர் குனிந்து சாக்கை மடிக்க ஆரம்பித்தார். மடித்து முடிக்கிற வரைக்கும் நிமிரவில்லை.

"என்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல" என்றார் மாமா.

மாரிமுத்துவின் பெண்டாட்டி ஓடியது கண்ணுக்குள்ளேயே இருந்தது. அதைவிட, இந்த மனிதர் எனக்காக வாயை மூடிக்கொண்டு சாக்கை மடிக்கிறாரே என்று வெட்கமாக இருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். அந்த வீட்டு மருமகள் யாரும் அதற்கு முன்னால் ஆபீஸ் அறைக்கு வந்ததில்லை.

"எங்கிட்டதான் சொன்னாங்க. நான் அன்னிக்கே மாமாகிட்ட சொன்னேன். அறுப்பு முடியட்டும்னாங்க."

வெளியே ஒரு குத்தகைக்காரர் இருமினார். மாமா என்னைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் நான் சொன்னதை எழுதிக்கொண்டார்.

என்னை அந்த இடத்திலிருந்து காப்பாற்றியதும் கப்பல்காரர்தான். எதுவுமே நடக்காததுபோல மாமாவிடம் திரும்பி நெல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். புது வால்வு கும்பகோணத்திலிருந்து வர நாளை ஆகும், நெல் அதுவரைக்கும் தாங்காது, தட்டைப் போடாமல் வால்வின் மூடியை மட்டும் திரும்பப் பொருத்திவிட்டால் நீராவி தங்குதடையில்லாமல் போகும் என்றார். தொட்டிக்குத் தொட்டி சின்ன வால்வு இருக்கிறது. ஆனால் பெரிய வால்வு இல்லாமல் ஓட்டும்போது நெருப்பைக் கூட்டிக் குறைத்துத்தான் நீராவியை அடக்க வேண்டும். உமியின் போக்கும் இந்தப் பாய்லரின் போக்கும் தெரிந்த ஆள் வேண்டும்.

"நீயே இரேன்" என்றார் மாமா.

"எனக்குக் கரி தெரியும். உமி தெரியாதுங்க. மாரிமுத்துக்குத்தான் தெரியும்."

மாமா ஜன்னல் பக்கம் போனார். தொட்டிப் பக்கமிருந்து காற்றில் லேசாகப் புளிப்பு வாடை வர ஆரம்பித்திருந்தது. கடைசியில் அவரே இன்ஸ்பெக்டரிடம் போய், அந்தப் பையனை அனுப்பிவையுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

பத்து நிமிஷத்தில் ஜீப் திரும்பி வந்தது. மாரிமுத்து இறங்கினான். நேராகப் பாய்லருக்குப் போனான். கப்பல்காரர் அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, தேங்காயெண்ணெய் கேட்டு ஆள் அனுப்பினார். தடவிக்கொண்டு உமியை அள்ளினான். மத்தியானத்துக்குள் முதல் தொட்டியில் நீராவி பொங்கி, அவிந்த நெல்லின் மணம் வாய்க்காலைத் தாண்டிப் போனது. அந்தக் கரையில் கூடி நின்றவர்கள் அதை முகர்ந்ததும் இரண்டு மூன்று பேராகக் கலைந்தார்கள். சாயங்காலம் அவர்கள் வீட்டுப் பெண்கள் கூடையோடு வந்து தங்கள் நெல்லை அள்ளிக்கொண்டு போனார்கள். கூலித் தகராறு அதற்குப் பிறகு எட்டு நாள் நடந்தது. தாலுகா ஆபீஸில் பேசி அரைப்படிக்குப் பதில் கால்படி என்று முடிந்தது. எங்கள் ஊரில் ஒரு வைக்கோல்போரும் எரியவில்லை.

மாமா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அத்தையிடம் சொல்வார். நான் எதிரே நின்றாலும் அத்தை அதை அப்படியே ஒருமுறை எனக்குச் சொல்வார். இரண்டு பேருக்கு நடுவில் தபால்காரியாகிவிட்டேன் என்று அத்தை சலித்துக்கொள்வார். மெதுவாக அது மாறி, வேண்டிய அளவுக்கு இரண்டொரு வார்த்தை என்று ஆயிற்று.

கப்பல்காரருக்கு வேறு விதமான தண்டனை. செங்கொடிக்காரனுக்குச் சாதகமாகப் பேசியவர் என்று சொல்லி, சுற்றுப்பட்டு மில்காரர்கள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். எங்கள் மாமாவும்தான். அவர் அண்ணன் தம்பிகளோடு கட்டுமரம் ஏறினார். சந்தையில் அவர் சம்சாரத்தைப் பார்த்தபோது தயங்கித் தயங்கி விசாரித்தேன். பதினேழு வருஷம் கப்பலில் போன மனுஷனுக்குக் கட்டுமரத்தில் வாந்தி வருகிறது, குப்பமே சிரிக்கிறது என்று சொல்லி அந்த அம்மாள் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

அடுத்த குறுவை அறுப்பு முடிந்த ஒரு காலையில், மாமா காரை எடுக்கச் சொன்னார். அத்தையைக் கூப்பிட்டார். அத்தைக்கு முழங்கால் வலி. அப்படியானால் அவளை வரச் சொல் என்றார். அவள் என்றால் நான். எங்கே போகிறோம் என்று வழியில் யாரும் சொல்லவில்லை. தரங்கம்பாடிச் சாலையில் திரும்பியதும் எனக்குப் புரிந்தது.

கார் மணலில் போகாது. இறங்கி நடந்தோம். மாமா தோல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கதர் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி, வலை காயும் இடங்களைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கப்பல்காரர் ஒரு கட்டுமரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன கோளாறுங்க முதலாளி?"

"கோளாறு ஒண்ணும் இல்ல" என்றார் மாமா. அப்புறம் கடலைப் பார்த்தார். "கூப்பிட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

கப்பல்காரர் சம்சாரத்தைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னார். பாய் கொண்டுவரச் சொன்னார். மாமா பாய்க்குக் காத்திருக்காமல் கட்டுமரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கருப்பட்டி போட்ட கறுப்புத் தேநீர் வந்தது. இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு குடித்தார்கள். மழை எப்போது பிடிக்கும், காவிரியில் தண்ணீர் எப்போது நிற்கும் என்று பேசினார்கள். மன்னிப்பு, வருத்தம் என்று ஒரு வார்த்தை வரவில்லை. அந்த வாரக் கடைசியிலேயே அவர் சைக்கிள் எங்கள் மில்லுக்கு வந்தது. அதைப் பார்த்து மற்ற மில்காரர்களும் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஆனால் அன்று திரும்பி வரும்போது நடந்ததைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். முன் சீட்டில் இருந்த மாமா பாதி வழியில் தொண்டையைச் செருமினார். திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"தொட்டி இன்னும் ரெண்டு கட்டலாம்னு இருக்கேன். நீ என்ன சொல்ற?"

என்னிடம்தான் கேட்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. டிரைவர்கூடக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"நெருப்பு போடுறவரு மாரிமுத்து. அவரையும் ஒரு வார்த்தை கேக்கணும் மாமா" என்றேன்.

கார் பாலம் ஏறும்போது மாமா, "சாயங்காலம் வரச் சொல்லு. நீயும் கூட இரு" என்றார்.